பழைய வீடியோ நாடாக்களை வீட்டுக் கணினியில் படியெடுத்தல்

கேம்கார்டர் எனப்படும் கைக்கேமராவால் காந்த நாடாவில் பதிவான படத்தையும் ஒலியையும் கணினிக் கோப்பாக மாற்றிச் சேமிக்கும் வேலையைக் கணினித் துறையில் 'கேப்சர்' என்பர். தமிழில் இதைப் படியெடுத்தல் எனலாம். சிதையும் ஓலைச்சுவடியைப் பார்த்துப் புதிய ஏட்டில் எழுதி வைத்த நம் முன்னோரின் வேலையும் இதுவும் நோக்கத்தில் ஒன்றே. இன்று கைபேசியில் எடுக்கும் படம் எடுக்கும்போதே கோப்பாகிவிடுகிறது. ஆனால் ஏறத்தாழ 1980களின் தொடக்கம் முதல் 2000களின் இறுதி வரை எடுக்கப்பட்ட திருமணம், காதுகுத்து, கோயில் விழா, பள்ளி ஆண்டு விழா ஆகியவற்றின் வீடியோக்கள் பெரும்பாலும் நாடாவில்தான் இருக்கின்றன. அவற்றை வீட்டில் உள்ள கணினியைக் கொண்டே எவ்வாறு மீட்கலாம் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

டெல்டாவில் வீடியோ

சோனி நிறுவனம் 1975 இல் பீட்டாமேக்ஸ் முறையையும், ஜேவிசி நிறுவனம் 1976 இல் விஎச்எஸ் முறையையும் ஜப்பானில் அறிமுகப்படுத்தின. 1982 இல் இந்தியாவில் வண்ணத் தொலைக்காட்சி வந்ததை ஒட்டி வீடியோ கருவிகளும் பரவின. தஞ்சை, திருவாரூர், நாகைப் பகுதிக் கிராமங்களில் அக்கருவிக்கு 'டெக்கு' என்றுதான் பெயர். அறுவடை முடிந்து கையில் காசு புழங்கும் தை, மாசி மாதங்களில் டெக்கும் தொலைக்காட்சிப் பெட்டியும் வாடகைக்கு எடுத்து, தெருவில் வைத்து விடிய விடியப் படம் பார்ப்பார்கள். சில ஆண்டுகளில் திருமணங்களுக்கும் வீடியோ வந்தது. பெரிய கேமராவைத் தோளில் தாங்கி ஒருவர் படம் எடுக்க, கண்ணைக் கூச வைக்கும் விளக்கை இன்னொருவர் உயர்த்திப் பிடித்து நிற்பார்.

சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா நாடுகளில் வேலை பார்த்தவர்கள் விடுமுறையில் ஊர் திரும்பும்போது கையடக்கமான ஹேண்டிகேம் கொண்டு வந்தார்கள். டெல்டாவின் அன்றாட வாழ்க்கை படமானது பெரும்பாலும் இவர்களால்தான். திருமண வீடியோக்காரர் வயலைப் படம் எடுக்க மாட்டார். விடுமுறைக்கு வந்தவர் எடுப்பார். நாற்று பறிப்பு, நடவு, களத்தில் தாள் அடித்தல், வைக்கோல் போர், வண்டிமாடு, திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் எல்லாம் அந்தச் சிறிய நாடாக்களில் உள்ளன. நடவுக்கும் அறுவடைக்கும் எந்திரம் வந்துவிட்ட இக்காலத்தில், முப்பது பெண்கள் வரிசையாக நின்று பாடிக்கொண்டே நடுவதைக் காண வேண்டுமென்றால் அப்படிப்பட்ட நாடாக்களைத்தான் தேட வேண்டும். 1992, 2004 ஆண்டுகளின் கும்பகோணம் மகாமகம், 1995 இல் தஞ்சாவூரில் நடந்த எட்டாம் உலகத் தமிழ் மாநாடு, 1997 இல் நடந்த தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்கு ஆகியவை நிகழ்ந்ததும் இந்த நாடாக் காலத்தில்தான்.

ஏன் இப்போதே செய்ய வேண்டும்

வீடியோ நாடா என்பது மெல்லிய பாலியெஸ்டர் பட்டை. அதன் மேல் காந்தத் துகள்கள் ஒருவகைப் பசையால் ஒட்டப்பட்டிருக்கும். நாடா கெடுவதற்கு முக்கியக் காரணம் ஈரப்பதம். காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சிப் பசை சிதைகிறது. அப்போது நாடா பிசுபிசுக்கும், துகள் உதிரும். மேலும் நாடாவின் விளிம்பில் வெள்ளைப் பூஞ்சணம் பூக்கும். ஆற்றுப்பாசனமும் வடகிழக்குப் பருவமழையும் உள்ள நம் பகுதியில், ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் துவைத்த துணியே காயாமல் கிடக்கிறது. பரணில் உள்ள நாடா மட்டும் எப்படி உலர்ந்திருக்கும்?

நாடா நன்றாக இருந்தாலும் அதை ஓட்டக் கருவி வேண்டும். விஎச்எஸ் கருவிகளைக் கடைசியாகத் தயாரித்து வந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 இல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. யுனெஸ்கோவின் 'அனைவருக்கும் தகவல்' திட்டமும், ஒலி, ஒளி ஆவணக் காப்பகங்களின் பன்னாட்டுச் சங்கமும் இணைந்து 2019 இல் 'காந்த நாடா எச்சரிக்கை' என்ற பெயரில் ஓர் ஆய்வைத் தொடங்கின. ஏறத்தாழ 2025 க்குப் பிறகு காந்த நாடாக்களை வழக்கம்போல் ஓட்டிப் பார்ப்பது அரிதாகிவிடும் என்பது அப்போது வல்லுநர்கள் கூறிய எச்சரிக்கை. அந்தக் கெடு முடிந்துவிட்டது. இன்றும் இயங்கும் கருவிகள் உள்ளன. ஆனால் அவை ஆண்டுதோறும் குறைகின்றன.

என் வீட்டில் நடந்ததையே எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன். 1992 இல் நடந்த என் தங்கையின் திருமண நாடாவை 2003 வாக்கில் ஒரு கடையில் கொடுத்து விசிடியாக மாற்றினோம். "இனி கேசட் எதற்கு?" என்று அடுத்த போகியன்று நாடாவைக் குப்பையில் சேர்த்துவிட்டோம். பத்து ஆண்டுகளுக்குள் விசிடியின் வெள்ளிப் பூச்சு உரிந்து போயிற்று. இப்போது நாடாவும் இல்லை, விசிடியும் இல்லை. அந்தத் திருமணத்தில் முன்வரிசையில் நின்ற என் தந்தையாரின் நடமாடும் உருவம் எங்களிடம் வேறு எதிலும் இல்லை. இக்கட்டுரையை எழுதத் தூண்டிய காரணங்களில் இதுவும் ஒன்று.

நாடாக்களின் வகைகள்

முதலில் உங்களிடம் இருப்பது எந்த வகை நாடா என்று அறிய வேண்டும். ஒவ்வொரு வகைக்கும் தனிக் கருவி தேவை.

விஎச்எஸ்: புத்தக அளவிலான பெரிய கேசட். நாடாவின் அகலம் 12.7 மில்லிமீட்டர். திருமண வீடியோக்களில் மிகுதி இதுவே.

விஎச்எஸ்-சி: அதே அகலமுள்ள நாடா, சிறிய கூட்டில் இருக்கும். இதற்கென உள்ள மாற்றிக் கூட்டில் வைத்து விஎச்எஸ் டெக்கில் ஓட்டலாம்.

வீடியோ8, ஹை8: 8 மில்லிமீட்டர் அகல நாடா. வீடியோ8 1985 இலும், அதனினும் தெளிவான ஹை8 1989 இலும் வந்தன. இவற்றை விஎச்எஸ் டெக்கில் ஓட்ட எந்த மாற்றிக் கூடும் கிடையாது. அவ்வகை நாடாவை ஏற்கும் கருவியில்தான் ஓட்ட வேண்டும்.

டிஜிட்டல்8: 1999 இல் வந்தது. 8 மில்லிமீட்டர் நாடாவிலேயே எண்முறையில் பதியும். இவ்வகைக் கேமராக்களில் சில பழைய வீடியோ8, ஹை8 நாடாக்களையும் ஓட்டும், எல்லா மாதிரிகளும் ஓட்டா. வாங்கும் முன் விசாரிக்க வேண்டும்.

மினி டிவி: 6.35 மில்லிமீட்டர் அகலமுள்ள மிகச் சிறிய கேசட். 1995 இல் வந்த எண்முறை நாடா. ஒரு கேசட் இயல்பான வேகத்தில் 60 நிமிடம் ஓடும்.

மாணவர்களுக்கு ஒரு குறிப்பு: இங்கு 'டிவி' என்பது எண்முறை வீடியோ என்பதன் ஆங்கிலச் சுருக்கம். தொலைக்காட்சியைக் குறிக்கும் சுருக்கமும் தமிழில் எழுதும்போது இப்படியே அமைகிறது. எனவே இக்கட்டுரையில் 'மினி டிவி' என்பது நாடாவையே குறிக்கும். தொலைக்காட்சியைத் தொலைக்காட்சி என்றே எழுதியுள்ளேன்.

நாடாவில் படம் எப்படி இருக்கிறது

இதைப் புரிந்துகொண்டால் பின்னால் வரும் பல சிக்கல்களுக்கு விடை தானே கிடைக்கும். இந்தியாவில் பின்பற்றப்பட்ட பால் முறையில் நொடிக்கு 25 படங்கள். ஒவ்வொரு படமும் 625 வரிகளால் ஆனது. அவற்றில் 576 வரிகள் படத்துக்கு உரியவை. வரிகள் ஒரே நேரத்தில் பதிவதில்லை. முதலில் ஒன்றுவிட்டு ஒன்றாகப் பாதி வரிகள், பிறகு விடுபட்ட மீதி வரிகள் என இரு தவணையாகப் பதியும். இந்தப் பாதிப் படத்துக்குப் புலம் என்று பெயர். ஆக, நொடிக்கு 50 புலங்கள்.

விஎச்எஸ் டெக்கின் உள்ளே சாய்வாக ஓர் உருளை உள்ளது. அதில் எதிரெதிராக இரு வீடியோ ஹெட்டுகள். நாடா நொடிக்கு 2.34 சென்டிமீட்டர் வேகத்தில்தான் நகர்கிறது. உருளையோ நொடிக்கு 25 முறை சுழல்கிறது. ஒரு சுற்றில் இரு ஹெட்டுகளும் ஆளுக்கு ஒரு புலத்தை நாடாவின் குறுக்கே சாய்கோடாக எழுதுகின்றன. இவ்வளவு நுண்ணிய கோடுகளைப் படிக்கும் ஹெட்டில் சிறிது தூசி படிந்தாலும் திரையில் மழை பெய்வது இதனால்தான்.

அமெரிக்கா, ஜப்பான் நாடுகளில் என்டிஎஸ்சி முறை. அதில் 525 வரிகள், நொடிக்கு 29.97 படங்கள். அமெரிக்காவில் உள்ள உறவினர் அங்கு வாங்கிய கேமராவில் எடுத்த நாடா என்றால், கணினியிலும் கருவியிலும் முறையை மாற்றி அமைக்க வேண்டும். மாற்றாவிட்டால் படம் கறுப்பு வெள்ளையாகவோ உருண்டோடியோ தெரியும்.

இரு வழிகள்

படியெடுக்கும் வழி நாடாவின் வகையைப் பொறுத்தது.

மினி டிவி, டிஜிட்டல்8 நாடாக்களில் படம் ஏற்கெனவே எண்களாகவே இருக்கிறது. கேமராவில் இருந்து ஃபயர்வயர் கம்பி வழியே அந்த எண்கள் அப்படியே கணினிக்கு வருகின்றன. சோனி கேமராக்களில் இந்த வாய்க்கு ஐ-லிங்க் என்று பெயர் இருக்கும். இங்கு மாற்றம் ஏதும் இல்லை, நகல் மட்டுமே. எனவே தரம் குறையாது.

விஎச்எஸ், வீடியோ8, ஹை8 நாடாக்களில் படம் தொடர் அலையாக இருக்கிறது. அதை எண்களாக மாற்ற இடையில் ஒரு கருவி தேவை. இதற்குக் கேப்சர் கருவி என்று பெயர். யுஎஸ்பி வாயில் செருகும் சிறிய கருவிகள் குறைந்த விலைக்கே கிடைக்கின்றன. அதன் மறுமுனையில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு நிறச் செருகிகள் இருக்கும். மஞ்சள் படத்துக்கு, வெள்ளை இடப்பக்க ஒலிக்கு, சிவப்பு வலப்பக்க ஒலிக்கு. வட்ட வடிவ எஸ்-வீடியோ வாய் கேமராவிலும் கருவியிலும் இருந்தால் மஞ்சளுக்குப் பதில் அதைப் பயன்படுத்துங்கள். அது ஒளியையும் நிறத்தையும் தனித்தனியே அனுப்புவதால் படம் தெளிவாக இருக்கும்.

பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. மினி டிவி கேமராக்கள் பலவற்றில் யுஎஸ்பி வாயும் இருக்கிறது. அது பெரும்பாலும் அட்டையில் உள்ள நிழற்படங்களை எடுக்கவோ, தரம் குறைந்த படத்தை அனுப்பவோதான் உதவும். இதற்குக் காரணம் எளிய கணக்கு. மினி டிவி படத்துக்கு நொடிக்கு 25 மெகாபிட் தேவை. அக்காலத்து யுஎஸ்பி நொடிக்கு 12 மெகாபிட்தான் தாங்கும். ஃபயர்வயர் 400 மெகாபிட் தாங்கும். சிறு கன்னியில் பெரிய வாய்க்கால் தண்ணீரை விட முடியுமா?

புதிய மடிக்கணினிகளில் ஃபயர்வயர் வாய் இருப்பதில்லை. மேசைக் கணினி என்றால் ஃபயர்வயர் அட்டை ஒன்றைப் பொருத்தலாம். இல்லையெனில் ஃபயர்வயர் உள்ள பழைய மடிக்கணினி யாரிடமாவது கிடக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். இந்த வேலைக்குப் பழைய கணினியே போதும்.

நாடாவைத் தயார் செய்தல்

கணினியைத் தொடும் முன் நாடாவைக் கவனிக்க வேண்டும்.

1. கேசட்டின் மூடியைத் திறந்து, வெளிச்சத்தில் நாடாவின் விளிம்பைப் பாருங்கள். வெள்ளைத் தூள் போல் இருந்தால் அது பூஞ்சணம். அதை டெக்கில் போடாதீர்கள். ஹெட்டும் கெடும், அதன் பின் போடும் நல்ல நாடாக்களிலும் பூஞ்சணம் ஒட்டும். அத்தகைய நாடாவைத் தனியே வைத்துத் தேர்ந்தவரிடம் கொடுங்கள்.

2. ஈரம் பட்ட நாடாவை வெயிலில் காய வைக்கக் கூடாது. அடுப்படியிலும் வைக்கக் கூடாது. உலர்ந்த அறையில், மின்விசிறிக் காற்றில், சில நாட்கள் விட வேண்டும். கைபேசி நனைந்தால் அரிசியில் புதைக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. நாடாவுக்கு அது ஆகாது. தவிட்டுத் தூசியும் வண்டும் உள்ளே போய்விடும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் வைப்பது நல்லது.

3. பதிவு தடுப்பு இருக்கிறதா என்று பாருங்கள். விஎச்எஸ் கேசட்டின் முதுகில் ஒரு சிறு பிளாஸ்டிக் துண்டு இருக்கும். அதை உடைத்துவிட்டால் அதன் மேல் யாரும் தவறிப் பதிய முடியாது. சிறிய கேசட்டுகளில் தள்ளு பொத்தான் இருக்கும்.

4. பல ஆண்டுகள் ஓடாத நாடாவை முதலில் கடைசி வரை ஓட்டி, பின் முழுவதும் பின்னோக்கிச் சுற்றுங்கள். ஒட்டிக் கிடக்கும் சுற்றுகள் பிரிந்து இறுக்கம் சீராகும். சுற்றும்போது கீச்சென்ற ஒலி வந்தாலோ தடுமாறினாலோ உடனே நிறுத்திவிடுங்கள்.

5. முதலில் முக்கியமில்லாத ஒரு நாடாவைப் போட்டு டெக்கைச் சோதியுங்கள். டெக்கு நாடாவைத் தின்னும் பழக்கம் உடையதா என்பது அப்போது தெரிந்துவிடும்.

6. குளிரூட்டிய அறையில் இருந்து கேமராவை வெளியே கொண்டு வந்தவுடன் ஓட்டாதீர்கள். உள்ளே பனி படிந்து நாடா உருளையில் ஒட்டிக்கொள்ளும். ஒரு மணி நேரமாவது பொறுங்கள்.

செய்முறை: விஎச்எஸ், வீடியோ8, ஹை8

1. டெக்கு அல்லது கேமராவின் 'அவுட்' வாய்களைக் கேப்சர் கருவியுடன் நிறம் பார்த்து இணையுங்கள். கருவியைக் கணினியில் நேரடியாகச் செருகுங்கள். பல வாய் கொண்ட யுஎஸ்பி கிளைக் கருவியில் செருக வேண்டாம்.

2. கருவிக்கு உரிய இயக்கி மென்பொருளை நிறுவுங்கள். படியெடுக்க விர்ச்சுவல்டப்2, ஓபிஎஸ் ஸ்டூடியோ ஆகிய இலவச மென்பொருள்கள் உள்ளன. முதலாவது இவ்வேலைக்கு மிகவும் ஏற்றது.

3. முறையைப் பால் என்றும், அளவை 720 பெருக்கல் 576 என்றும், வேகத்தை நொடிக்கு 25 என்றும் அமையுங்கள். ஒலியை 48,000 ஹெர்ட்ஸ் என அமையுங்கள். ஓபிஎஸ் மென்பொருள் கணினித் திரையின் அளவையும், 30 அல்லது 60 என்ற வேகத்தையும் தானாக எடுத்துக்கொள்ளும். அதை மாற்றாமல் பதிந்தால் படம் விட்டுவிட்டு ஓடும்.

4. சேமிக்கும் முறையாக ஹஃப்ஒய்யுவி போன்ற இழப்பில்லாச் சுருக்க முறையைத் தேர்ந்தெடுங்கள்.

5. கணினி தானாக உறங்கும் அமைப்பை நிறுத்துங்கள். மற்ற மென்பொருள்களை மூடுங்கள்.

6. ஒரு நிமிடம் மட்டும் சோதனையாகப் பதிந்து, படமும் ஒலியும் வருகின்றனவா, உதட்டசைவும் குரலும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். வெள்ளை வேட்டியில் மடிப்பு தெரிகிறதா, கறுங்கூந்தலில் பூ தெரிகிறதா என்று பார்த்து ஒளியின் அளவைச் சரிசெய்யுங்கள்.

7. நாடாவை முதலுக்குச் சுற்றி, முதலில் கணினியில் பதிவைத் தொடங்குங்கள். பிறகு டெக்கை ஓட்டுங்கள். ஒரு மணி நேர நாடாவுக்கு ஒரு மணி நேரம் ஆகும். இதில் குறுக்கு வழி இல்லை.

8. மின்வெட்டு உள்ள பகுதி என்பதால் டெக்கையும் கணினியையும் யுபிஎஸ் கருவியில் இணைப்பது நல்லது. மின்சாரம் திடீரென நின்றால் கோப்பு மட்டுமன்றி, ஹெட்டில் சுற்றிய நாடாவும் சிக்கும்.

செய்முறை: மினி டிவி, டிஜிட்டல்8

கேமராவை ஓட்டும் நிலையில் வைத்து, மின்னேற்றியை இணைத்து, எல்லாவற்றையும் அணைத்த நிலையிலேயே ஃபயர்வயர் கம்பியைச் செருகுங்கள். அதன் முனையைத் திருப்பிப் போட்டு அழுத்தினால் வாய் கெட்டுவிடும். விண்டோஸ் கணினிக்கு வின்டிவி, லினக்ஸ் கணினிக்கு டிவிகிராப் ஆகிய இலவச மென்பொருள்கள் போதும். இவை கேமராவையே கணினியில் இருந்து ஓட்டவும் நிறுத்தவும் வல்லவை. நாடாவில் பதிந்துள்ள நாள், நேரம் ஆகியவையும் கோப்புடன் வரும். எந்த நாளில் எடுத்தது என்று பாட்டியிடம் கேட்டுக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

எவ்வளவு இடம் தேவை

மாணவர்கள் இதைக் கணக்காகவே செய்து பார்க்கலாம். மினி டிவி கோப்பு ஒலியும் சேர்த்து நொடிக்கு ஏறத்தாழ 3.6 மெகாபைட். ஒரு மணிக்கு 3,600 நொடி. பெருக்கினால் 12,960 மெகாபைட், அதாவது சுமார் 13 ஜிபி.

சுருக்கமே இல்லாத படம் என்றால் 720 பெருக்கல் 576 புள்ளிகள், ஒரு புள்ளிக்கு 2 பைட், நொடிக்கு 25 படம். விடை நொடிக்கு 20.7 மெகாபைட். ஒரு மணிக்கு ஏறத்தாழ 75 ஜிபி. இழப்பில்லாச் சுருக்கம் இதைப் பாதிக்கும் கீழே கொண்டு வரும். நொடிக்கு 8 மெகாபிட் அளவில் எச்.264 முறையில் சுருக்கினால் ஒரு மணிக்கு 3.6 ஜிபி போதும்.

ஒப்பிட்டுப் பார்க்க விசிடியை எடுத்துக்கொள்வோம். அதன் படம் 352 பெருக்கல் 288 புள்ளிகள். முழுப் படத்தின் புள்ளிகளில் கால் பங்குதான். எங்கள் வீட்டு விசிடி உரியாமல் இருந்திருந்தாலும், நாடாவில் இருந்த படத்தில் பெரும் பகுதி அதில் இருந்திருக்காது. கடையில் கொடுத்து மாற்றினாலும் மூல நாடாவை எறியக் கூடாது என்பதற்கு இக்கணக்கே காரணம்.

வன்வட்டு ஃபாட்32 அமைப்பில் இருந்தால் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. மினி டிவி படம் 20 நிமிடத்துக்குள் நின்றுவிடும். எனவே என்டிஎஃப்எஸ் அல்லது எக்ஸ்ஃபாட் அமைப்பில் உள்ள வட்டைப் பயன்படுத்துங்கள்.

அடிக்கடி வரும் சிக்கல்கள்

திரையில் மழை அல்லது கோடுகள்: டெக்கில் 'டிராக்கிங்' பொத்தானைத் திருப்பிப் பாருங்கள். சரியாகாவிட்டால் ஹெட்டைச் சுத்தம் செய்ய வேண்டும். காது குடையும் பஞ்சுக் குச்சியை வீடியோ ஹெட்டில் வைக்கவே கூடாது. இழை சிக்கி ஹெட்டு உடையும். பழக்கம் இல்லாதவர்கள் பழைய டெக்கு மெக்கானிக்கிடம் கொடுப்பதே நல்லது.

படத்தின் அடியில் கலங்கிய சில வரிகள்: இது பழுது அன்று. ஒரு ஹெட்டில் இருந்து அடுத்த ஹெட்டுக்கு மாறும் இடம். பழைய தொலைக்காட்சி அதை விளிம்பில் மறைத்துக்கொண்டது. கணினி முழுப் படத்தையும் காட்டுகிறது.

அசையும் இடங்களில் சீப்புப் பல் போன்ற கோடு: முன்பு சொன்ன இரு புலங்களும் ஒரே நேரத்தில் காட்டப்படுவதால் வருவது. மூலப் படியில் இதைத் திருத்த வேண்டாம். பார்ப்பதற்கான படி தயாரிக்கும்போது ஹேண்ட்பிரேக் போன்ற மென்பொருளில் பின்னல் நீக்கலாம்.

உருவங்கள் தடித்துத் தெரிதல்: அக்காலப் படம் 4:3 விகிதம். அகலத் திரைக்காக இழுத்தால் எல்லாரும் குண்டாகத் தெரிவார்கள். இருபுறமும் கறுப்பாக இருந்தால் இருக்கட்டும்.

குரல் மெல்ல மெல்லப் பிந்துதல்: கணினி சில படங்களைத் தவறவிட்டிருக்கும். விர்ச்சுவல்டப்2 தவறவிட்ட படங்களின் எண்ணிக்கையைக் காட்டும். அது கூடிக்கொண்டே போனால் வேறு வட்டிலோ வேறு யுஎஸ்பி வாயிலோ முயலுங்கள்.

ஒலியில் 'ம்ம்' என்ற இரைச்சல்: மடிக்கணினியை மின்னேற்றியில் இருந்து கழற்றி மின்கலத்தில் ஓட்டிப் பாருங்கள். பல நேரம் நின்றுவிடும்.

மூலப் படியும் பார்வைப் படியும்

படியெடுத்தவுடன் இரு கோப்புகள் செய்யுங்கள். ஒன்று மூலப் படி. இதில் வெட்டவோ ஒட்டவோ பாட்டுச் சேர்க்கவோ கூடாது. மினி டிவி என்றால் வந்த கோப்பே மூலப் படி. மற்றவற்றுக்கு இழப்பில்லாச் சுருக்கக் கோப்பு. உலகின் ஆவணக் காப்பகங்கள் பலவும் இதற்கு எஃப்எஃப்வி1 என்ற திறந்த முறையைப் பயன்படுத்துகின்றன. மற்றொன்று பார்வைப் படி. பின்னல் நீக்கி எச்.264 முறையில் சுருக்கிய எம்பி4 கோப்பு. உறவினர்களுக்கு அனுப்ப இதுவே போதும். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது மேலும் சுருங்கும் என்பதால், அதை ஒரு பிரதியாகக் கருதக் கூடாது.

கோப்புக்கு 'வீடியோ1' என்று பெயரிட்டால் பத்து ஆண்டு கழித்து யாருக்கும் புரியாது. ஆண்டு, மாதம், ஊர், நிகழ்ச்சி என்ற வரிசையில் பெயரிடுங்கள். அதனுடன் ஒரு குறிப்புக் கோப்பும் வையுங்கள். எந்த நிமிடத்தில் யார் தெரிகிறார், என்ன உறவு, எந்தத் தெரு, எந்த வயல் என்று எழுத வேண்டும். இதை வீட்டில் மூத்தவர்களை உட்கார வைத்துப் போட்டுக் காட்டியே எழுத முடியும். நாடாவை விட அவர்களின் நினைவே விரைவில் மறையக் கூடியது. பள்ளி மாணவர்கள் செய்யத் தக்க நல்ல கோடை விடுமுறைப் பணி இது.

மூன்று பிரதிகள் வையுங்கள். இரண்டு வெவ்வேறு வகைச் சாதனங்களில் இருக்கட்டும். ஒன்று வேறு ஊரில் உள்ள பிள்ளை வீட்டிலோ இணையச் சேமிப்பிலோ இருக்கட்டும். ஒரே வீட்டில் மூன்று வட்டு வைத்தால் புயலுக்கு அது ஒரு வட்டுதான். ஆண்டுக்கு ஒருமுறை, பொங்கலுக்கு வீடு ஒழிக்கும்போது, கோப்புகளைத் திறந்து பாருங்கள். நாடாக்களைப் படியெடுத்த பிறகும் புத்தகம் போல் நிமிர்த்தி, இரும்பு பீரோவில், ஒலிபெருக்கி, மோட்டார் ஆகியவற்றுக்கு அப்பால் வையுங்கள்.

பிறருடைய படத்தை இணையத்தில் ஏற்றும் முன் அதில் உள்ளவர்களின் ஒப்புதலைக் கேட்பது முறை. வீட்டு விசேஷத்துக்கு வந்தவர் உலகம் பார்க்கட்டும் என்று வரவில்லை. திருமண வீடியோவில் சேர்த்த திரைப்படப் பாடல்களுக்கும் உரிமையாளர் உண்டு.

ஒரு நாடாவின் கதை

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. மன்னார்குடிக்குத் தெற்கே உள்ள எங்கள் ஊரில் தென்னைகள் சாய்ந்தன, வீட்டின் ஓடுகள் பறந்தன. பல நாட்கள் மின்சாரம் இல்லை. பரணில் இருந்த தகரப் பெட்டிக்குள் மழை இறங்கியிருந்தது. அதில் பள்ளிச் சான்றிதழ்களுடன் ஒரு வீடியோ8 கேசட்டும் இருந்தது. என் மைத்துனர் 1996 இல் சிங்கப்பூரில் இருந்து கொண்டு வந்த கேமராவில் எடுத்தது. கேமரா எப்போதோ பழுதாகிவிட்டதால், அதில் என்ன இருக்கிறது என்பதே எங்களுக்கு மறந்துவிட்டது.

சான்றிதழ்களைக் காய வைத்த அறையிலேயே கேசட்டையும் காய வைத்தேன். என்னிடம் படித்த மாணவர் ஒருவர், பழைய நாடாவையும் ஓட்டக்கூடிய டிஜிட்டல்8 கேமரா ஒன்றைத் தேடிக் கொண்டுவந்தார். அந்தக் கேமரா பழைய அலைப் படத்தைத் தானே எண்ணாக மாற்றி ஃபயர்வயர் வழியே அனுப்பும். முதல் நான்கு நிமிடம் வெறும் மழை. அதன் பின் படம் தெளிந்தது. சம்பா நடவு. வரப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு என் தாயார் நிற்கிறார். நடவு ஆட்களுக்குத் தூக்குவாளியில் காப்பி ஊற்றுகிறார். கேமரா பக்கம் திரும்பி, "டேய், வரப்புல ஓடாதீங்கடா, நாத்து மேல விழுந்திடுவீங்க" என்று சத்தம் போடுகிறார். மொத்தம் நாற்பது நொடி.

அம்மா 2001 இல் மறைந்தார். அவர் நிழற்படங்கள் வீட்டில் உண்டு. குரல் இது ஒன்றுதான். ஓட விடாமல் அதட்டப்பட்ட பிள்ளைகளில் ஒருவர் இப்போது தம் பிள்ளைகளுக்கு அதைப் போட்டுக் காட்டுகிறார். இரண்டாம் முறை ஓட்டியபோது அதே இடத்தில் நாடா கசங்கியது. முதல் முறை ஓடும்போதே கணினியில் பதிவு நடந்துகொண்டிருந்ததால் இன்று அந்த நாற்பது நொடி எங்களிடம் இருக்கிறது. எனவே பழைய நாடாவை "முதலில் பார்த்துவிட்டுப் பிறகு பதியலாம்" என்று எண்ணாதீர்கள். முதல் ஓட்டத்திலேயே பதியுங்கள்.

முடிவுரை

பாபநாசத்துக்கு அருகில் உள்ள உத்தமதானபுரத்தைச் சேர்ந்தவரும் 1855 இல் பிறந்தவருமான உ. வே. சாமிநாதையர், கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராக இருந்த காலத்தில் ஊர் ஊராகச் சென்று ஏடு தேடினார். 1887 இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். செல்லரித்த ஏடுகளும், ஆற்றில் விடப்பட்ட ஏடுகளும் போக எஞ்சியவையே நமக்குக் கிடைத்தன. வீட்டு வீடியோ காப்பியம் அன்று. ஆயினும் ஒரு குடும்பத்துக்கும் ஓர் ஊருக்கும் அது ஏடுதான். நாடாவின் வகையை அறிதல், உலர்த்திச் சோதித்தல், உரிய கருவியுடன் இணைத்தல், முதல் ஓட்டத்திலேயே பதிதல், மூலப் படியைத் தொடாமல் வைத்தல், குறிப்பு எழுதுதல், மூன்று பிரதி காத்தல் ஆகிய ஏழும் இவ்வேலையின் சுருக்கம். அடுத்த மழைக்காலத்துக்கு முன் உங்கள் வீட்டுப் பரணையும் பீரோவையும் ஒருமுறை பாருங்கள்.